கிறிஸ்துமஸ் கூடைக்குக் கொடுத்த 7,800 ரூபாய் போச்சு, நாகர்கோவில்காரர்கள் கவனம்

எங்கள் ஏரியாவில் ரெண்டு மாசம் முன்னால் ஒரு கடை திறந்தார்கள். சீஸ், ஆலிவ் ஆயில், வெளிநாட்டுச் சாக்லேட், வைன் பாட்டில் என்று கண்ணாடி அலமாரி நிறைய அடுக்கியிருக்கும். கடையின் பெயரை இங்கே போடவில்லை. அங்கே 7,800 ரூபாயைத் தொலைத்துவிட்டு வயிறு எரிந்து எழுதுகிறேன்.

அம்மா இல்லாத முதல் கிறிஸ்துமஸ் இது. அவள் இருந்தவரை நவம்பர் பிறந்ததும் வடசேரி சந்தையில் வைனுக்குப் பன்னீர் திராட்சை வாங்கி, சீனியும் பட்டையும் கிராம்பும் சேர்த்துப் பரணியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பாள். தினமும் காலையில் மரக்கரண்டியால் ஒரு கிண்டு. இந்த வருஷம் அந்தப் பரணியைத் தொடவே எனக்கு மனசு வரவில்லை. துபாயில் இருந்து அண்ணனும் மைனியும் வருகிறார்கள், மேஜையில் ஒரு பாட்டிலாவது இருக்கட்டும் என்றுதான் போனேன்.

கடையில் நின்ற பையன் பல்குச்சியில் ஒரு சீஸ் துண்டைக் குத்தி நீட்டினான். "சாப்பிட்டுப் பாருங்கக்கா, பிடிக்கலன்னா வாங்க வேண்டாம்." நல்ல ருசி. பேச்சுவாக்கில் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். "எங்கம்மாவும் பரணியிலதான்க்கா போடுவாங்க" என்றான். அந்த ஒரு வார்த்தையில் நம்பிவிட்டேன். ரெண்டு வைன், மூணு வகை சீஸ், சாக்லேட், ஒரு கேக். வைன் லைசென்ஸ் இந்த வாரம் வந்துவிடும், கூடை 23ஆம் தேதி வீட்டுக்கே வரும் என்றான். 7,800 ரூபாயையும் அப்போதே ஜிபேயில் போட்டேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தான்.

வந்தது 24ஆம் தேதி ராத்திரி, கோயிலுக்குக் கிளம்புகிற நேரம். கூடையில் பாதி உயரம் வைக்கோல். அண்ணன் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "இது திராட்சை ஜூஸ்லா பிள்ளே" என்றான். பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஆல்கஹால் இல்லாதது என்று போட்டிருக்கிறது. சீஸைத் திறந்தால் ஓரமெல்லாம் பச்சையாகப் பூசணம். தேதி இருந்த ஸ்டிக்கரை மைனி நகத்தால் உரித்தாள். அடியில் இன்னொரு தேதி, ஆகஸ்ட் மாசத்தோடு முடிந்தது!

அப்போதே போன் போட்டேன், எடுக்கவில்லை. இன்று காலையில், "ஓனர் பெங்களூர் போயிருக்காரு." மத்தியானம், "பண்டிகை கழியட்டும்க்கா." சாயங்காலம் அதே பையன் சொல்கிறான், "வெளிநாட்டு சீஸ் அப்படித்தான்க்கா இருக்கும், உங்களுக்குப் பழக்கம் இல்ல." பணம் போனதைவிட இதுதான் பொறுக்கவில்லை. பூசணம் தின்னப் பழகிக்கணுமாம்! சில சீஸில் பூசணம் வேண்டுமென்றே வளர்ப்பார்கள், எனக்கும் தெரியும். பூசணம் பிடித்திருந்தது செடார், அது அந்த வகை இல்லை. பணத்தைக் கேட்டால், "அட்வான்ஸ் ரிட்டன் கிடையாது." அட்வான்ஸா அது? முழு 7,800 ரூபாய்!

தக்கலையில் இருக்கும் தம்பி கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான். தமிழ்நாட்டில் 2003 முதல் மது சில்லறை விற்பனை டாஸ்மாக்குக்கு மட்டும்தான், தனியார் கடைக்கு வைன் விற்க லைசென்ஸ் எங்கிருந்து வரும் என்றான். அந்த யோசனை எனக்கு முன்னமே வந்திருக்க வேண்டும்.

எதையெல்லாம் பார்த்து வாங்கணும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. பில் இல்லாமல் பைசா கொடுக்காதீர்கள். இறக்குமதிப் பொருளில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசென்ஸ் எண் இருக்கணும். தேதி மேல் ஸ்டிக்கர் இருந்தால் உரித்துப் பாருங்கள். நுகர்வோர் உதவி எண் 1915.

சீஸைத் தனிப் பையில் கட்டி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன், யாரும் தூர எறியக் கூடாது என்று எழுதி ஒட்டியும் ஆச்சு. திங்கட்கிழமை அதையும் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போகிறேன்.