பாயா, மோட்டாரா: யார் ஒதுங்குவது?

குளச்சல் கடலில் பாய் விரித்த வள்ளமும் எஞ்சின் படகும் மோதுகிற போக்கில் நெருங்கினால், ஒதுங்க வேண்டியது எஞ்சின்காரர்தான். 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் 18-வது விதி இது. காரணம் எளிது: பாயை வைத்துக் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. மோட்டாருக்கு அந்தத் தொல்லை இல்லை.

அதற்காகப் பாய்க்காரர் எப்போதும் ராஜா இல்லை. பாயோடு எஞ்சினையும் ஓட்டினால் அதுவும் மோட்டார் படகுதான். முன்னால் போகிறவரை முந்தினாலும் பாய்க்காரர்தான் ஒதுங்கிப் போகணும். வலை இழுக்கும் விசைப்படகுக்கும் வழிவிட வேண்டும் (பின்னால் தூண்டில் கயிறு விட்டுக்கொண்டு ஓடுகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது).

மோட்டாரும் மோட்டாரும் நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், மற்றவரைத் தன் வலப்பக்கம் பார்க்கிறவர் விட்டுக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். பாய்க்கும் பாய்க்கும்தான் தலைவலி: இடப்பக்கக் காற்று வாங்குகிறவர் ஒதுங்கணும், இருவருக்கும் ஒரே பக்கக் காற்றென்றால், காற்று வரும் திசையில் இருப்பவர். ஆடிக் காற்றில் இதை யோசிக்க நேரம் ஏது? எது சுலபம் என்று கேட்டால், என் ஓட்டு மோட்டாருக்கே.

சின்னமுட்டம் துறைமுக வாயிலில் மட்டும் மோட்டார்காரர் வேகத்தைக் குறைத்தே ஆகணும். அவர் கிளப்பும் அலையில் சின்ன வள்ளம் ஆடிப்போகும்.