வெள்ளை வேட்டிக்கு இன்றும் நீலத்தூள்தான்

சொட்டு நீலம் வந்தபோதே மளிகைக் கடைகளில் நீலத்தூள் பாக்கெட்டுகள் பின்வரிசைக்குப் போய்விட்டன. வாஷிங் மெஷின் வந்தபின் பல வீடுகளில் சொட்டு நீலம்கூட இல்லை. பருத்தி வேட்டிக்கு நான் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளாகியும் என் கை நீலத்தூளுக்குத்தான் போகிறது.

நீலம் அழுக்கை எடுக்காது. வியர்வையாலும் உப்புத் தண்ணீராலும் மஞ்சளித்த பருத்தியில் மெல்லிய நீலச் சாயல் ஏறும்போது, நம் கண்ணுக்கு அந்த மஞ்சள் மறைந்து வெண்மையாகத் தெரிகிறது. அழுக்குப் போகாத கழுத்துப்பட்டையில் எவ்வளவு நீலம் போட்டாலும் சாம்பல் நிறம்தான் மிஞ்சும். ஒரு காலத்தில் இந்த நிறத்தை ஆப்கானிஸ்தான் மலைகளில் வெட்டிய கல்லை அரைத்து எடுத்தார்கள். தங்கத்துக்கு நிகரான விலை. 1828 வாக்கில் ஐரோப்பாவில் களிமண், சோடா, கந்தகம் ஆகியவற்றைச் சூளையில் சுட்டு அதையே செய்யக் கண்டுபிடித்தார்கள். அரசர்களின் ஓவியங்களுக்குப் போன நிறம் நம் வாளிக்கு வந்தது அப்படித்தான்!

இன்றைய சலவைத்தூள்களில் உள்ள வெளுப்பூட்டிகள் வெயிலின் புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகின்றன. அதனால் வெயிலில் வேட்டி பளீரென்று மின்னும். மாலையில் கல்யாண மண்டப விளக்கடியில் அந்த மினுக்கு அடங்கிவிடும். நீலத்தூள் தரும் வெண்மை எந்த விளக்கிலும் ஒரே சீராக, கண்ணை உறுத்தாமல் இருக்கிறது. எனக்கு அதுவே பெரிது.

போடும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தத் தூள் தண்ணீரில் கரையாது, நுண்துகள்களாக மிதக்கும். நேரே கொட்டினால் வேட்டியில் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். பழைய துணியில் ஒரு சிட்டிகையை இறுக முடிந்து, வாளித் தண்ணீரில் ஆட்டிப் பிழிய வேண்டும். உள்ளங்கையில் அள்ளினால் இளநீலம் தெரிந்தால் போதும். சோப்பு முழுவதும் போக அலசிய வேட்டியை, சுருட்டாமல் விரித்து முக்கி உடனே எடுத்துவிட வேண்டும். ஊறவிடக் கூடாது. அடுத்த வேட்டிக்கு முன் தண்ணீரை மறுபடி கலக்குங்கள், துகள் அடியில் தங்கியிருக்கும். வடிகட்டிய ஜவ்வரிசிக் கஞ்சியையும் அதே தண்ணீரில் கலந்துகொள்வேன். அரை ஈரத்தில் மடித்து இஸ்திரி போட்டால் மடிப்பு நாள் முழுக்க நிற்கும். கஞ்சி போட்ட வேட்டியைப் பெட்டியில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள்; கரப்பானுக்கு அது விருந்து.

குறைகளும் உண்டு. மெஷினுக்கு இது ஒத்துவராது. பாலியஸ்டர் கலந்த வேட்டியில் சரியாகப் பிடிப்பதில்லை. எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்புப் பட்டால் நிறம் அழிந்துவிடும். சுண்ணாம்பின் காரத்துக்கு மட்டும் அசையாது. வெள்ளையடிக்கும்போது வாளியில் நீலம் கலப்பார்களே, அதனால்தான். அவசரமாகக் கிளம்புகிறவர்களுக்குச் சொட்டு நீலமே சுலபம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பெரிய கடைகளில் தேட வேண்டாம், பழைய மளிகைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கேட்கிறவர்கள் இருந்தால்தான் கடைக்காரர் வரவழைப்பார். பருத்தி வேட்டி கட்டுகிறவர்கள் தயவுசெய்து கேட்டு வாங்குங்கள்.