நேரலையில் கூடுவதா, வாழ்த்துகளைத் தொகுப்பதா?

பட்டம் வாங்கிய பிள்ளையைச் சுற்றி நின்று கைதட்ட யாராலும் வர முடியவில்லை. அப்போது வழி இரண்டு: எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ அழைப்பில் சேர்வது, அல்லது ஆளுக்கொரு வாழ்த்தைப் பதிவுசெய்து ஒரே வீடியோவாகக் கோர்ப்பது.

அழைப்பின் பலம் அந்த நொடிதான். பெயரைச் சொன்னதும் இருபது முகங்கள் ஒன்றாக மலர்வதைப் பிள்ளை பார்க்கிறது. அந்த ஏக்கத்தில்தான் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள், கொரோனாவால் கூட முடியாத 2020 மே மாதம், மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டுக்குள் தங்கள் வளாகத்தையே கட்டி, பட்டமளிப்பு விழா நடத்தினார்கள். ஆனால் கைதட்டலைச் செயலிகள் இரைச்சல் என்று நினைத்து அடக்கிவிடும். எல்லோரும் இரு கைகளையும் உயர்த்தி ஆட்டுங்கள், திரை நிறைந்துவிடும். ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான் என்பதால் பிள்ளை பேசுவதை முதலில் வையுங்கள்.

தொகுப்புக்கு இரவுப் பணி, நேர வித்தியாசம் எதுவும் தடையில்லை. பேசக் கூச்சப்படும் தாத்தா நான்கு முறை சொல்லிப் பார்த்து, ஐந்தாவதை அனுப்பலாம். ஆளுக்கு 30 நொடி என்றால் 20 பேருக்குப் பத்து நிமிடம். போனைப் படுக்கைவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும். கோர்ப்பவருக்குத்தான் பாடு, ஒரு வாரம் முன்பே கெடு வையுங்கள்.

ஒன்றுதான் முடியும் என்றால் நான் தொகுப்பையே எடுப்பேன். தாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு பேரப்பிள்ளையின் பெயரைச் சொல்லும் அந்தக் குரல், பத்து வருடம் கழித்தும் வீட்டில் இருக்கும்.