ஸ்கியாவோனேயா, பென்னெட்டாவா: யாருடைய டென்னிஸ் வாழ்க்கை பெரியது?

ஜாஸ்மின் பவோலினி 2024-இல் பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன் இரண்டிலும் இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றார். அவருக்கு முன்னால் அந்தக் கடைசிப் படியையும் ஏறிய இத்தாலியப் பெண்கள் இரண்டு பேர்தான். 2010-இல் பிரெஞ்சு ஓப்பன் வென்ற பிரான்செஸ்கா ஸ்கியாவோனே, 2015-இல் அமெரிக்க ஓப்பன் வென்ற ஃப்ளாவியா பென்னெட்டா. டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களில், ஒற்றையரில் ஆளுக்கு ஒரு பட்டம். வயதிலும் இரண்டு வருடத்துக்குள்தான் வித்தியாசம். இருவரில் யாருடைய டென்னிஸ் வாழ்க்கையை மேலே வைப்பது என்று கேட்டால், நான் பென்னெட்டா என்பேன். ஆனால் ஸ்கியாவோனேயைத் தாண்டி அந்தப் பதிலுக்கு வருவது லேசாக இல்லை.

மிலானில் பிறந்த ஸ்கியாவோனேயின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பெண்கள் டென்னிஸில் அரிதாகிவிட்ட ஒற்றைக் கை பேக்ஹேண்ட் அவருடையது. ஒரு பந்தைச் சுழல் ஏற்றித் தோளுக்கு மேலே எழுப்புவார். அடுத்ததை ஸ்லைஸ் செய்து முழங்காலுக்குக் கீழே அனுப்புவார். எதிராளி குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் வலை அருகே வந்து நிற்பார். 2010 பாரீஸ் இறுதியில் எதிரே நின்றவர் சமந்தா ஸ்டோசர். ஜஸ்டின் ஹெனின், செரினா வில்லியம்ஸ், ஜெலினா யான்கோவிச் என்று மூன்று பெரிய ஆட்டக்காரர்களை வரிசையாக வீழ்த்திவிட்டு வந்திருந்தார். ஸ்டோசர்தான் ஜெயிப்பார் என்றே பலரும் நினைத்தார்கள். ஸ்கியாவோனே பயந்து பின்கோட்டில் ஒதுங்கவில்லை. 6-4, 7-6 என்று முடித்து, களிமண்ணில் படுத்துத் தரையை முத்தமிட்டார். 30 வயது நிறைய 18 நாள் பாக்கி. கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இத்தாலியப் பெண் அவர்.

இதே ஸ்கியாவோனே, தன் முதல் டூர் பட்டத்தை 2007-இல் வெல்வதற்கு முன் எட்டு இறுதி ஆட்டங்களில் தோற்றவர். எட்டு முறை அடுத்தவர் கோப்பை வாங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்! அந்த பாரீஸ் கொண்டாட்டத்தை இதோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

பென்னெட்டா தெற்கே பிரிண்டிசியைச் சேர்ந்தவர். ஆட்டத்தில் ஸ்கியாவோனே அளவுக்கு வித்தை கிடையாது. இரண்டு கை பேக்ஹேண்டை நேர்கோட்டில் சுத்தமாக அடிப்பார், பந்தைச் சீக்கிரமே எடுப்பார், அவசரப்பட மாட்டார். பார்க்க அமைதியான ஆட்டம். ஆனால் அதை வைத்து அவர் போட்ட வழிகளைப் பாருங்கள். 2009 ஆகஸ்டில் ஒற்றையர் தரவரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்தார். இத்தாலியப் பெண்களில் அதற்கு முன் யாரும் அங்கே போனதில்லை. 2011-இல் இரட்டையர் தரவரிசையில் உலக நம்பர் 1. அதிலும் அவர்தான் முதல் இத்தாலியர். அதே ஆண்டு அர்ஜென்டினாவின் கிசெலா டுல்கோவோடு சேர்ந்து ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் பட்டமும் வென்றார்.

அப்புறம் எண்கள். ஒற்றையர் பட்டங்கள் பென்னெட்டாவுக்கு 11, ஸ்கியாவோனேவுக்கு 8. தரவரிசையில் ஸ்கியாவோனே 4 வரை போனார், பென்னெட்டா 6 வரை. ஸ்கியாவோனே நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் காலிறுதி ஆடியவர். 2011-இல் பாரீசில் மறுபடியும் இறுதிக்கு வந்து லி நாவிடம் தோற்றார். பென்னெட்டாவுக்கு அமெரிக்க ஓப்பன் நடக்கும் நியூயார்க்தான் வீடு மாதிரி. பாரீசிலும் விம்பிள்டனிலும் காலிறுதியைக்கூடத் தொட்டதில்லை. ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் கணக்கை மட்டும் பார்த்தால் ஸ்கியாவோனே கை ஓங்கியிருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் பென்னெட்டாவுக்காக வாதாடுவது நியாயமில்லை.

மன உறுதியில் இருவரையும் பிரிக்க முடியாது. 2009 அமெரிக்க ஓப்பனில் வேரா ஸ்வோனரேவாவுக்கு எதிராக ஆறு மேட்ச் பாயிண்ட்களை, அதாவது விட்டால் ஆட்டமே போய்விடும் புள்ளிகளை, காப்பாற்றி ஜெயித்தார் பென்னெட்டா. 2011 ஆஸ்திரேலிய ஓப்பனில் ஸ்வெத்லானா குஸ்னெட்சோவாவுக்கு எதிராக ஸ்கியாவோனே காப்பாற்றியதும் ஆறுதான். அந்த ஆட்டம் 4 மணி 44 நிமிடம் நீண்டது, கடைசி செட் 16-14.

அப்படியானால் பென்னெட்டா ஏன்? எனக்கு முதல் காரணம் மணிக்கட்டு. 2012-இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். தரவரிசையில் 100-க்கு வெளியே விழுந்தார். 31 வயதில் அதோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் 2013 அமெரிக்க ஓப்பனில் முன்னணி ஆட்டக்காரர்களுக்குப் போட்டியில் தரும் தரநிலை (சீடிங்) இல்லாமலே அரையிறுதி வரை வந்தார். 2014-இல் அமெரிக்காவில் நடக்கும் இண்டியன் வெல்ஸ் போட்டியில் பட்டம். 2015-இல் நியூயார்க்கில் க்விட்டோவாவையும் ஹாலெப்பையும் தாண்டி இறுதிக்கு வந்தார்.

அணிக்காக ஆடியதையும் சேர்க்க வேண்டும். பெண்களுக்கான நாடுகளுக்கிடையிலான அணிப் போட்டியான ஃபெட் கோப்பையின் 2009, 2010 இறுதிகளில் இருவருமே அமெரிக்காவுக்கு எதிராக ஒற்றையர் ஆடினார்கள். இரண்டு முறையும் கோப்பையை உறுதிசெய்த வெற்றி பென்னெட்டாவுடையது. ஒற்றையர், இரட்டையர், அணி மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது தராசு அவர் பக்கம்தான் சாய்கிறது.

2015 இறுதியில் எதிரே நின்றது ராபெர்ட்டா வின்ச்சி. பக்கத்து ஊரான டாரண்டோவைச் சேர்ந்தவர், சிறுவயதிலிருந்தே பென்னெட்டாவின் இரட்டையர் ஜோடி. முந்தைய நாள்தான் செரினாவை வீழ்த்தி, ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாம் வெல்லும் அவரது கனவை முடித்திருந்தார். பென்னெட்டா 7-6, 6-2 என்று ஜெயித்தார். பரிசளிப்புக்குக் காத்திருந்தபோது இருவரும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, அந்த ஆண்டோடு டென்னிஸிலிருந்து விலகுவதாக அறிவித்தார் பென்னெட்டா. அப்போது அவருக்கு வயது 33.