சேலத்தில் மூச்சுக்குழாய்ச் சுருக்கம்: ஊருக்குப் போனபோது பார்த்தது

மூச்சுக்குழாய் தழும்பால் சுருங்கியிருந்தால், ஏற்காட்டில் கிளியூர் அருவிக்கு இறங்கும்போது எதுவும் தெரியாது. திரும்பி ஏறும்போதுதான், மூச்சை உள்ளே இழுக்கையில் 'ஈ...' என்று கேட்கும். ஆஸ்துமா இழுப்பு பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போதுதான் வரும். இந்த வித்தியாசம் தெரியாமல் மாதக்கணக்கில் இன்ஹேலர் அடிப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

வென்டிலேட்டரில் இருந்து வந்தவர் என்றால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். மூச்சுக்குழாயில் போட்ட டியூபின் பலூன் 30 செ.மீ. நீரழுத்தத்துக்கு மேல் ஊதப்பட்டிருந்தால் உள்சவ்வுக்கு ரத்த ஓட்டம் குறையும்; புண் ஆறும்போது தழும்பு இறுகும்.

சேலத்தில் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை) எடுத்தால், அந்தத் தாளிலேயே ஒரு கணக்குப் போடலாம். முதல் விநாடியில் ஊதிய காற்றை (மி.லி.) உச்ச வேகத்தால் (நிமிடத்துக்கு லிட்டர்) வகுங்கள். 2000-ஐ 180-ஆல் வகுத்தால் 11. பத்தைத் தாண்டினால் சந்தேகம் தொண்டைக்கும் மூச்சுக்குழாய்க்கும் திரும்ப வேண்டும். அடுத்தது மூக்கு வழி ஸ்கோப். மரப்பு மருந்து அடித்து, உட்கார்ந்தபடியே பார்த்துவிடுவார்கள். மரப்பு விடும்வரை காபிகூட வேண்டாம், புரையேறும். பிறகு 1 மி.மீ. இடைவெளிப் படங்களாகக் கழுத்து சி.டி. ஸ்கேன்.

வழக்கமான சிகிச்சையில் கழுத்தில் கத்தி படாது. முழு மயக்கத்தில் வாய்வழியே லாரிங்கோஸ்கோப்பை (குரல்வளையைப் பார்க்கும் குழாய்) வைத்து, தழும்பில் 3, 4 இடங்களில் லேசராலோ கத்தியாலோ ஆரக்கால் மாதிரி கீறுவார்கள். கீறல்களுக்கு நடுவே சவ்வை விட்டுவைக்க வேண்டும். சுற்றிலும் சீவினால் வளையமாகவே மறுபடி இறுகும். அப்புறம் அந்த இடத்தை விரிக்கப் பலூன். அது ஊதியிருக்கும்போது காற்று போகாது, ஆக்சிஜன் இறங்கியதும் சுருக்கிவிட வேண்டும். லேசர் என்றால் ஆக்சிஜனை 30 சதவீதத்துக்குள் வைக்காவிட்டால் தொண்டைக்குள்ளேயே தீப்பிடிக்கலாம். அதனால் தேதி வாங்கும் முன்பே, ஜெட் வென்டிலேஷன் (மெல்லிய குழாய் வழியே காற்றைப் பீய்ச்சி மூச்சு கொடுப்பது) பழகிய மயக்க மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் கோவையோ வேலூரோ போவதில் தவறில்லை.

தழும்பு நீளமாக இருந்தாலோ குருத்தெலும்பு இடிந்திருந்தாலோ பலூனின் பலன் நிற்காது; அந்தத் துண்டை வெட்டி முனைகளைத் தைக்கும் திறந்த அறுவைதான்.

சுருக்கம் சில வாரங்களிலேயே திரும்பக்கூடும். வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால், லீவின் கடைசி வாரத்தில் செய்துகொண்டு விமானம் ஏறாதீர்கள். எங்கள் கண்ணில் பட்ட ஒரு டிஸ்சார்ஜ் தாளில் 'டைலடேஷன் (விரிப்பு) செய்யப்பட்டது' என்று மட்டும் இருந்தது. அதை வைத்து வெளிநாட்டு டாக்டர் என்ன செய்வார்? குரல்நாணிலிருந்து எத்தனை மி.மீ. கீழே, தழும்பு எவ்வளவு நீளம், பலூன் எத்தனை மி.மீ., ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா, எல்லாம் எழுதி வாங்குங்கள். ஸ்கோப் வீடியோவைப் பென்டிரைவில் கேளுங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சத்தம் கேட்டால் மலைக்குப் போகிற பேச்சே வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்கு.