லேசர் மார்க்கிங் மெஷின்: ஃபைபரா, கார்பன் டை ஆக்சைடா, யுவியா?

பெரும்பகுதி உலோகமும் சிறுபகுதி பிளாஸ்டிக்கும் வந்து போகும் ஒரு பட்டறைக்கு, லேசர் ஒளியால் பொருள்களின் மேல் எழுத்தும் குறியும் பதிக்கும் மெஷினைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மூன்று வகை மெஷின்களிலும் எங்கள் பொருள்களையே கொடுத்துக் குறியிடச் செய்து பார்த்த பிறகு, 30 வாட் மோபா (ஒளித் துடிப்பின் நீளத்தை மாற்றத்தக்க வகை) ஃபைபர் மெஷினை வாங்கினோம். மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டி வந்தாலும் அதையே வாங்குவேன் என்பதால், இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

முதல் சல்லடை அலைநீளம். ஃபைபர் லேசரின் 1064 நானோமீட்டர் ஒளி உலோகங்களில் நன்றாகப் பதியும். மரத்திலும் தெளிவான அக்ரிலிக்கிலும் கண்ணாடியிலும் அதற்கு வேலையில்லை. கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10,600 நானோமீட்டர் ஒளி இதற்கு நேர்மாறாக மரம், தோல், காகிதம், அக்ரிலிக், ரப்பர் ஆகியவற்றில் பதிந்து, பூச்சில்லாத உலோகத்தில் பட்டுத் திரும்பிவிடும். யுவி (புற ஊதா) லேசரின் 355 நானோமீட்டர் ஒளி பெரும்பாலான பிளாஸ்டிக்குகளிலும் கண்ணாடியிலும் அதிகம் சூடாக்காமல் பதியும். ஆகவே மரமும் தோலும் மட்டுமே உங்கள் வேலை என்றால் கார்பன் டை ஆக்சைடு மெஷினே போதும். மேற்கொண்டு ஒப்பிட வேண்டியதில்லை. பிவிசி பிளாஸ்டிக்கை மட்டும் எந்த லேசரிலும் வைக்கக் கூடாது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு நுரையீரலையும் கெடுக்கும், மெஷினையும் அரிக்கும்.

ஃபைபரிலேயே இரண்டு வகை உண்டு. சாதாரண க்யூ-ஸ்விட்ச் மெஷினில் பல்ஸின் (ஒவ்வொரு ஒளித் துடிப்பின்) நீளம் ஏறத்தாழ 100 நானோவினாடி என்ற அளவில் நிலையாக இருக்கும். மோபாவில் அதைச் சில நானோவினாடிகளிலிருந்து சில நூறு நானோவினாடிகள் வரை நாமே மாற்றிக்கொள்ளலாம். அனோடைஸ் செய்த (மேலே ஆக்சைடு படலம் ஏற்றிய) அலுமினியத்தில் சாதாரண ஃபைபர் வெளிறிய குறியையே தரும். அடர்ந்த கறுப்பு வேண்டுமானால் மோபாவின் குறுகிய பல்ஸ் தேவை. கறுப்பு ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்கில் ஓரம் கருகாமல் வெள்ளை எழுத்து எடுப்பதற்கும் இதே வசதிதான் உதவுகிறது. துருவேறா எஃகில் மேற்பரப்பைச் செதுக்காமல், வெப்பத்தால் ஆக்சைடு படலத்தை வளர்த்துக் கறுப்பாக்கலாம். ஆனால் வெப்பம் மிகுந்தால் அந்த இடத்தின் துரு எதிர்ப்பு குறைந்துவிடும் என்பதால், அடிக்கடி கிருமிநீக்கம் செய்யப்படும் மருத்துவக் கருவிகளில் இதை மிகவும் கவனித்துச் செய்ய வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முடிவைத் தந்தது ஒரே கேள்விதான்: ஒருமுறை எழுதி வைத்த செட்டிங் எத்தனை காலம் மாறாமல் நிற்கும்? ஒரு பொருளுக்குச் சரியான சக்தி, வேகம், அதிர்வெண், பல்ஸ் நீளம் ஆகியவற்றைக் கண்டுபிடிப்பதற்குத்தான் உண்மையான உழைப்பு போகிறது. லேசர் ஒளியை உருவாக்கும் பகுதி மெல்லத் தளர்ந்தால் அந்த உழைப்பும் சேர்ந்து வீணாகும். கார்பன் டை ஆக்சைடு குழாயில் உள்ள வாயுக் கலவை, மெஷின் சும்மா இருக்கும்போதும் சிறிது சிறிதாகக் கெடுகிறது. சக்தி குறையக் குறைய, இயக்குபவர் சதவீதத்தை ஏற்றிக்கொண்டே போவார். பிறகு வாயுவை மறுபடி நிரப்ப வேண்டும், அல்லது குழாயையே மாற்ற வேண்டும். யுவியில் 1064 நானோமீட்டர் ஒளியைப் படிகங்கள் வழியாகச் செலுத்தி 355 ஆக மாற்றுகிறார்கள். அந்தப் படிகங்களின் வெப்பநிலை சற்று நகர்ந்தாலும் வெளிவரும் சக்தி மாறும், படிகத்தின் முகமும் நாளடைவில் யுவி ஒளியாலேயே சேதமடையும். பல யுவி மெஷின்களுக்குக் குளிர்நீர் அமைப்பு வேண்டும். அதன் நீரைச் சுத்தமாக வைத்திருப்பது தனி வேலை.

ஃபைபரில் ஒளி, இட்டர்பியம் கலந்த கண்ணாடி இழைக்குள்ளேயே உருவாவதால், விலகிப்போக அங்கே எதிரொளிப்புக் கண்ணாடிகளும் இல்லை, தூசி புக வழியும் இல்லை. எங்களுடையது போன்ற மெஷினுக்குக் குளிர்விக்க விசிறி போதும். உற்பத்தியாளர்கள் 1,00,000 மணிநேரம் என்று குறிப்பிடும் ஆயுள் ஒரு மதிப்பீடே. அதில் பாதி கிடைத்தாலும் பிற வகைகள் பின்தங்கிவிடும். எங்களுக்கு மிஞ்சும் பராமரிப்பு, லென்ஸைத் துடைப்பது, குவிய உயரத்தைச் சரிபார்ப்பது, புகை உறிஞ்சியின் வடிகட்டியை மாற்றுவது ஆகியவையே. பளபளக்கும் செம்பையும் பித்தளையையும் மட்டும் சற்றுச் சாய்த்து வைக்கிறோம், ஏனெனில் நேராகத் திரும்பும் ஒளி, லேசரை உருவாக்கும் பகுதியையே தாக்கக்கூடும்.

யுவியை நான் மாதிரித் துண்டுகளில் மட்டுமே பார்த்திருக்கிறேன், அன்றாட வேலையில் ஓட்டியதில்லை. அந்த மாதிரிகளிலேயே ஒன்று தெளிவாகத் தெரிந்தது: வெள்ளை பிளாஸ்டிக்கில் அதற்கு ஈடு இல்லை. வெண்மைக்காகச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு அந்த ஒளியில் கறுத்து, வழவழப்பு கெடாமல் எழுத்து தெரிகிறது. அலைநீளம் ஃபைபருடையதில் மூன்றில் ஒரு பங்கு என்பதால் புள்ளியும் நுண்ணியதாகி, மிகச் சிறிய க்யூஆர் குறிகளும் தெளிவாக விழுகின்றன. வெள்ளை சார்ஜர் உறைகளோ மருந்துப் புட்டிகளோ உங்கள் முதன்மை வேலை என்றால், நான் மேலே சொன்ன பராமரிப்பைச் சுமந்துகொண்டு யுவியையே வாங்குங்கள்.

வாட் எண்ணிக்கைக்கு விற்பனையாளர்கள் தரும் முக்கியத்துவம், ஆழமாகச் செதுக்குபவர்களுக்கு மட்டுமே பொருந்தும். அதைவிட லென்ஸைக் கவனியுங்கள்: அது குறியிடும் பரப்பு பெரிதானால் புள்ளியும் பெரிதாகிக் குறி மங்கும். பாதுகாப்புக் கண்ணாடியை அலைநீளம் பார்த்தே வாங்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு ஒளியைத் தடுக்கும் சாதாரண அக்ரிலிக் பலகை, ஃபைபர் ஒளியைக் கண் வரை விட்டுவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் பொருளின் வெவ்வேறு தொகுதிகளிலிருந்து எடுத்த துண்டுகளை அனுப்பிக் குறியிடச் செய்து, பயன்படுத்திய செட்டிங்கை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.