மும்பைப் புழுக்கத்தில் எக்ஸிமா: களிம்பா, க்ரீமா, தேங்காய் எண்ணெயா?

எக்ஸிமா உள்ள குழந்தையின் பெற்றோருக்கு இன்று கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே பனிக்காலத்தில் காற்று வறண்டு, வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி, தோல் வெடிக்கிறது. ஆகவே பிசுபிசுப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்கிறார்கள். செம்பூரிலோ தாராவியிலோ, ஜூலை மாதத்து இரவில், மின்விசிறிக்குக் கீழே வியர்த்தபடி தூங்கும் குழந்தைக்கு அதே களிம்பை அப்பினால் என்ன ஆகும் என்பதை அவை பேசுவதில்லை. எந்தப் பூச்சு நல்லது என்று பொதுவாகக் கேட்பதால் பயனில்லை. எந்த மாதத்தில், உடம்பின் எந்த இடத்தில் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் மும்பைக்குப் பொருந்தும் விடை கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

மருத்துவர்கள் அடோபிக் டெர்மடைட்டிஸ் என்றும், நம் வீட்டுப் பெரியவர்கள் கரப்பான் என்றும் சொல்லும் இந்த நோயில், தோலின் மேலடுக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கும் திறனை இழந்துவிடுகிறது. அந்த அடுக்கைக் கட்டமைக்க உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் உள்ள குறை இந்நோய்க்கு வலுவான காரணிகளுள் ஒன்று என்று 2006இல் நிறுவப்பட்டது. ஆனால் எல்லா நோயாளிகளிடமும் அந்தக் குறை இருப்பதில்லை. ஈரம் வெளியேறும் அதே வழியாகச் சோப்பு, தூசு, கிருமி ஆகியவை உள்ளே புகுந்து அழற்சியைக் கிளப்புகின்றன. நம்மைப் போன்ற மாநிறத்தவர், கறுப்பு நிறத்தவர் தோலில் அந்த அழற்சி புத்தகப் படங்களில் உள்ளதுபோலச் சிவப்பாகத் தெரிவதில்லை. சாம்பல் படர்ந்த கருமையாகவோ, மயிர்க்கால்களைச் சுற்றிய சிறு மேடுகளாகவோ தெரியும். இதனாலேயே நோயின் கடுமையைக் குறைத்து மதிப்பிடுவது அடிக்கடி நடக்கிறது.

காற்றில் இத்தனை ஈரம் இருக்கையில் தோல் எப்படி வறளும் என்ற கேள்வி நியாயமானது. ஈரக்காற்று தோலிலிருந்து நீர் ஆவியாவதைக் குறைக்கவே செய்கிறது. ஆனால் அதே காரணத்தால் வியர்வையும் ஆவியாகாமல் முழங்கை மடிப்பிலும், முழங்காலின் பின்புறத்திலும், கழுத்திலும் தேங்குகிறது. தேங்கிய வியர்வையின் உப்பு, ஏற்கெனவே வெடித்திருக்கும் தோலை எரிய வைக்கிறது. தோலில் இயல்பாகவே வாழும் மலசீசியா என்ற பூஞ்சையின் புரதம் வியர்வையில் கலந்து, எக்ஸிமா உள்ளவர்கள் பலருக்கு ஒவ்வாமையைத் தூண்டுகிறது. ஜூன் இரண்டாம் வாரத்தில் மழை தொடங்கியதிலிருந்து அக்டோபர் வெக்கை தணியும் வரை மும்பையில் முதல் எதிரி வியர்வை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும், நாள் முழுதும் ஏசியில் அமர்ந்திருக்கும் அலுவலகங்களில் ஆண்டு முழுவதும், எதிரி வறட்சி. இரண்டுக்கும் ஒரே டப்பா போதும் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பூச்சுகளை எடுத்துக்கொள்வோம். களிம்பு என்பது பெரும்பாலும் வெள்ளை பாரஃபின், அதாவது பெட்ரோலியம் ஜெல்லி வகை. தண்ணீர் இல்லை, பதப்படுத்தும் பொருளும் பொதுவாகத் தேவைப்படாது, ஆகவே எரிச்சல் மிகக் குறைவு. க்ரீமில் எண்ணெயும் நீரும் கலந்திருக்கும். லோஷனில் நீரே மிகுதி. இவற்றில் எது சிறந்தது என்பதை நேரடியாகச் சோதித்த பெரிய ஆய்வு பிரிட்டனில் நடந்தது. 550 குழந்தைகளை லோஷன், க்ரீம், ஜெல், களிம்பு என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்ததில், நோயைக் கட்டுப்படுத்துவதில் நான்குக்கும் வேறுபாடு காணப்படவில்லை என்று 2022இல் முடிவு வெளியானது. குழந்தை எதைத் தொடர்ந்து பூச விடுகிறதோ அதுவே நல்ல பூச்சு என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் செய்தி. அது பிரிட்டனின் தட்பவெப்பத்தில் நடந்த ஆய்வு என்பதையும் மறக்கக் கூடாது. அங்கேயே களிம்புக்குத் தனிச்சிறப்பு தெரியவில்லை என்றால், இங்கே மழைக்காலத்தில் அதை வலிந்து பூசுவதற்குக் காரணம் இன்னும் குறைவு.

சயானில் வசிக்கும் என் தங்கையின் மகளுடைய கைகளில் இதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். மழை விட்ட ஒரு ஜூலை மாலையில், இடது முழங்கை மடிப்பில் களிம்பும் வலது மடிப்பில் க்ரீமும் பூசப்பட்டிருந்தன. இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் இடது மடிப்பில் களிம்பு உருகி, அதன் அடியில் வியர்வை முத்துமுத்தாகத் தேங்கி, கடுகளவுகூட இல்லாத நீர்க்கொப்புளங்கள் வரிசையாகக் கிளம்பியிருந்தன. அவள் அந்தக் கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வலது மடிப்பு வறண்டிருந்தது, ஆனால் அமைதியாக இருந்தது. ஒரு குழந்தையின் இரு கைகள் ஆராய்ச்சி ஆகிவிடாது. ஆனாலும் வியர்வைக் குழாய்கள் அடைபட்டால் வேர்க்குரு வரும் என்பதும், அடைப்பை மிகுவிப்பதில் கெட்டிக் களிம்பு முதன்மையானது என்பதும் தோல் மருத்துவத்தின் பாலபாடம். ஆகவே என் தேர்வு இது: மழைக்காலத்திலும் அக்டோபரிலும் பகலில் க்ரீம் அல்லது லோஷன், வெடிப்பு விட்ட உள்ளங்கை, பாதம், கணுக்கால் ஆகிய இடங்களில் மட்டும் இரவில் களிம்பு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உடம்பு முழுவதும் களிம்பு பூசினாலும் தவறில்லை. மடிப்புகளில் மட்டும் எந்த மாதத்திலும் மெல்லிய பூச்சு.

தேங்காய் எண்ணெயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மாட்டுங்கா மார்க்கெட்டில் காய்கறியோடு செக்கு எண்ணெயும் வாங்கி வரும் நம் வீடுகளில் அதுதான் முதல் மருந்து. அந்த நம்பிக்கை அடிப்படையற்றது அல்ல. லேசான, நடுத்தர எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு எட்டு வாரம் வர்ஜின் தேங்காய் எண்ணெயையும் (காயாத, பச்சைத் தேங்காயிலிருந்து எடுப்பது) மினரல் ஆயிலையும் பூசி ஒப்பிட்ட பிலிப்பைன்ஸ் ஆய்வு 2014இல் வெளியானது. அதில் தேங்காய் எண்ணெய் பூசியவர்களே கூடுதலாகத் தேறினர். எக்ஸிமா தோலில் குடியேறும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியை அது குறைப்பதாகவும் அதற்கு முந்தைய ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் அவற்றில் பயன்பட்டது வர்ஜின் எண்ணெய். நம் செக்கில் ஆடுவது காய்ந்த கொப்பரை. இரண்டும் ஒன்றுபோலவே வேலை செய்யும் என்று அந்த ஆய்வுகளை வைத்துச் சொல்லிவிட முடியாது. பெரிய அளவில் அழற்சி வந்துவிட்ட தோலுக்கு எந்த எண்ணெயும் மட்டும் போதாது. குளித்த ஈரம் உலர்வதற்குள் மெல்லியதாகப் பூசினால் லேசான நிலையில் க்ரீமுக்கு இணையாக நிற்கத் தக்கது என்பதே என் மதிப்பீடு. ஆலிவ் எண்ணெய்க்கு அந்த இடம் கிடையாது. அது ஆரோக்கியமான தோலின் தடுப்பையும் குலைக்கிறது என்று 2013இல் வந்த ஆய்வு காட்டியது. வடநாட்டு அண்டைவீட்டார் அன்போடு சிபாரிசு செய்யும் கடுகு எண்ணெய், வெடித்த தோலை எரிக்கும். பணிவாக மறுத்துவிட வேண்டியது.

எதைத் தேர்ந்தாலும் அளவில் கஞ்சத்தனம் கூடாது. பிரிட்டிஷ் வழிகாட்டி, குழந்தைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை ஈரப்பூச்சு கொடுக்கச் சொல்கிறது. நம்மூரில் 50 கிராம் ட்யூபை ஒரு மாதம் ஓட்டும் குடும்பங்கள் ஏராளம். வாசனையும் விளம்பரமும் உள்ள விலை உயர்ந்த க்ரீமைத் தொட்டுத் தொட்டு வைப்பதைவிட, வாசனையில்லாத, விலை குறைந்த பாரஃபின் க்ரீமைத் தாராளமாகப் பூசுவது எத்தனையோ மேல். ஒரே ஒரு எச்சரிக்கை: பாரஃபினோ எண்ணெயோ ஊறிய துணி எளிதில் தீப்பற்றும், பூஜை விளக்கும் கேஸ் அடுப்பும் எட்டும் தூரத்தில் இருக்கும் சிறிய வீடுகளில் இது கவனிக்க வேண்டியது.

மின்விசிறியா ஏசியா என்பது வசதி பற்றிய விவாதமாகப் பேசப்படுகிறது. எக்ஸிமா உள்ளவருக்கு அது சிகிச்சையின் ஒரு பகுதி. விசிறி வேலை செய்வது வியர்வையை ஆவியாக்கித்தான். காற்றே நீரில் நிறைந்திருக்கும் ஜூலை இரவில் அந்த ஆவியாதல் மந்தப்படுகிறது. மூலையில் நின்ற புழுக்கமான காற்றே திரும்பச் சுழல்கிறது. ஏசி காற்றின் ஈரத்தையும் சேர்த்து எடுத்துவிடுவதால் வியர்வை அடங்குகிறது, தூக்கத்தில் சொறிவதும் குறைகிறது. ஆனால் 18 டிகிரியில் இரவு முழுதும் ஓடினால், மழைக்காலத்திலேயே ஒரு டிசம்பரை வீட்டுக்குள் உண்டாக்கிவிடும். 25, 26 டிகிரியில் ஏசியும் அதோடு மெல்ல விசிறியும், படுக்கும் முன் ஒரு பூச்சு க்ரீமும் என்பதே நடைமுறைக்கு ஒத்து வரும். ஏசி இல்லாத வீட்டில் வியர்வையை உடனே கழுவுவதுதான் மாற்று. பள்ளியிலிருந்தோ லோக்கல் ரயில் நெரிசலிலிருந்தோ வந்தவுடன் வெறும் தண்ணீரில் உடம்பை அலசி, ஒற்றித் துடைத்து, பூச்சிட வேண்டும். ஈரமாகிவிட்ட பருத்தி உடையும் உடம்போடு ஒட்டி உறுத்தும் என்பதால், பருத்தி அணிவதைப் போலவே அதை மாற்றுவதும் முக்கியம்.

சோப்பு விஷயத்தில் ஒப்பிட அதிகம் இல்லை. சாதாரணச் சோப்பின் காரத்தன்மை 9, 10 என்ற pH அளவில் இருக்கும். தோலோ 5ஐ ஒட்டிய அமிலத்தன்மை கொண்டது. சின்டெட் எனப்படும் மென்மையான கட்டிகள் அதற்கு நெருங்கியவை. அவையே போதும், அதுவும் அக்குள், தொடை இடுக்கு போன்ற இடங்களுக்கு மட்டும். குளியல் நீரில் கிருமிநாசினி ஊற்றுவது, மஞ்சளும் கடலை மாவும் போட்டுத் தேய்ப்பது, இரண்டையும் எக்ஸிமா உள்ள தோலில் நிறுத்திவிட வேண்டும்.

இனி மருந்துகள். அழற்சி கிளம்பியபின் ஈரப்பூச்சு மட்டும் அதை அடக்காது. ஸ்டீராய்டு க்ரீமோ, ஸ்டீராய்டு அல்லாத அழற்சி மருந்தான டாக்ரோலிமஸ் களிம்போ வேண்டும். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்களுக்கு வரும் அச்சம், தோலை மெலிதாக்கும் வீரிய மருந்துகளை முகத்தில் மாதக்கணக்கில் பூசியவர்களைப் பார்த்ததால் வந்தது. முகத்துக்கும் மடிப்புக்கும் மென்மையான ஹைட்ரோகார்ட்டிசோன் வகை, கைகால்களுக்கு மொமெட்டாசோன் போன்ற நடுத்தர வகை, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் என்று மருத்துவர் சொன்னபடி பூசினால் அதைவிட விரைவாகவும் மலிவாகவும் வேலை செய்வது வேறில்லை. வயது வந்தவரின் ஆள்காட்டி விரல் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கும் மருந்து ஏறத்தாழ அரை கிராம். அது விரல்களும் சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும். டாக்ரோலிமஸ் தோலை மெலிதாக்காது; கண்ணிமைக்கும் கழுத்துக்கும் நீண்டகாலத்துக்கு அதுவே நல்லது. ஆனால் தொடக்க நாட்களில் எரியும், வெக்கையில் அந்த எரிச்சல் கூடும், விலையும் அதிகம். முதலில் ஸ்டீராய்டால் அடக்கி, பிறகு அதே இடங்களில் வாரம் இருமுறை டாக்ரோலிமஸ் பூசித் திரும்பாமல் காப்பது என்ற வரிசை மும்பைக்கு நன்றாகப் பொருந்தும்.

இவ்விரண்டோடு போட்டிக்கு நிற்கும் மூன்றாவது ஒன்று உண்டு, அதை நான் முற்றாக எதிர்க்கிறேன். மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க" என்று கேட்டால் கிடைக்கும், வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த க்ரீம் அது. ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியை இறுக்கியபின்னும் அவை கைக்குக் கை மாறுகின்றன. ஈரமும் வெப்பமும் சேர்ந்த மும்பையில் எக்ஸிமாவுக்கு இணையாகப் படர்தாமரையும் பெருகுகிறது. படர்தாமரை பெரும்பாலும் வளையமாக, ஓரம் தூக்கலாக, நடுப்பகுதி தெளிந்து, இடுப்பிலும் தொடை இடுக்கிலும் பரவும். எக்ஸிமா பெரும்பாலும் இரு பக்க மடிப்புகளிலும் ஓரம் தெளிவில்லாமல் படரும். கலவை க்ரீம் பூசினால் படர்தாமரையின் அரிப்பு இரண்டே நாளில் அடங்கி, வளையமும் மறைந்து, பூஞ்சை மட்டும் அடியில் பரவிக்கொண்டே இருக்கும். பிறகு எந்த மருத்துவருக்கும் அதை அடையாளம் காண்பது கடினம். வீட்டில் இன்னும் இருவருக்கு அரிப்பு இருந்தால், அதுவும் இரவில் விரலிடுக்கில் தொடங்கினால், அது சிரங்காகவும் இருக்கலாம். சந்தேகம் இருக்கும்போது எதையும் பூசாமல் தோல் மருத்துவரிடம் காட்டுவதே சரி.

மஞ்சள் நிறப் பொருக்கும் நீர்க்கசிவும் கண்டால் கிருமித் தொற்று என்று கொண்டு, ஓரிரு நாளில் காட்ட வேண்டும். காய்ச்சலோடு, ஒரே அளவிலான கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, நடுவில் குழிந்து, வலியெடுத்தால் அது ஹெர்ப்பிஸ் வைரஸ் எக்ஸிமாவில் பரவியதாக இருக்கக் கூடும். அப்போது க்ரீமையும் களிம்பையும் ஒப்பிட்டுக்கொண்டிராமல் அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.